பழைய வால்வு கிதார் ஆம்ப்: பார்ட்ஸ் மாற்றிய பிறகு ஊளை, ஹம், 6வி6 சிவக்கிறது

கூத்தங்குழி கிதார்:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். என் கிட்ட இருக்கது ஃபெண்டர் சாம்ப்னு ஒரு பழைய கிதார் ஆம்ப், வெள்ளி முகப்பு. பெட்டிக்குள்ள ஒட்டியிருக்க தாள்ல சர்க்யூட் நம்பர் ஏஏ764ன்னு போட்டிருக்கு. வால்வு மூணு: முதல்ல சிக்னலைக் கூட்ட ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை ஓட்ட ஒரு 6வி6, ஏசி-யை டிசி ஆக்குற ரெக்டிஃபையருக்கு 5ஒய்3. 117 வோல்ட் மாடல், அதனால 230-ஐ 110 ஆக்குற ஸ்டெப் டவுன் பெட்டி வச்சு ஓட்டுதேன்.

நானே செஞ்ச வேலை இதெல்லாம். மூணு 20 எம்எஃப்டி (மைக்ரோ ஃபாரட்) சேர்ந்த ஃபில்டர் டப்பா கண்டன்சரை எடுத்துட்டு மூணு தனி 47 எம்எஃப்டி 450 வோல்ட் போட்டேன். கப்ளிங் கண்டன்சர் எல்லாம் புது 630 வோல்ட் பாலியெஸ்டர். கருகிக் கிடந்த ரெசிஸ்டர்களை மாத்தினேன்: 6வி6 கேதோடுல உள்ளது, 12ஏஎக்ஸ்7 ரெண்டாவது ஸ்டேஜ் கேதோடுக்குக் கீழ உள்ளது, ஸ்பீக்கர் சிக்னல்ல கொஞ்சத்தைத் திருப்பி அனுப்புற ஃபீட்பேக் 2.7 கே (கிலோ ஓம்). அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரி அறுந்திருந்தது. டவுன்ல ஒரு வைண்டிங் கடையில 5000 ஓமுக்கு 4 ஓம்னு சொல்லிப் புதுசு சுத்தி வாங்கினேன். ரெண்டு பின் வயருக்குப் பதிலா மூணு பின்.

இப்ப நடக்கது: போட்டு இருபது செகண்டுல ஊளை ஆரம்பிக்குது. வால்யூம் சைபர்ல இருந்தாலும் அதே ஊளை, கூட்டினாலும் மாறல. 12ஏஎக்ஸ்7-ஐப் பிடுங்கினா ஊளை நிக்குது, ஆனா ஹம் நிக்கல, நல்ல கனமான ஹம். அஞ்சு நிமிஷத்துல 6வி6 பிளேட் சிவக்குது. வேற 6வி6 போட்டாலும் அதேதான்.

அளந்தது (12ஏஎக்ஸ்7 இல்லாம, ஸ்பீக்கர் மாட்டி): லைன் 236, ஸ்டெப் டவுனுக்கு அப்புறம் 113. 5ஒய்3 எட்டாம் பின் 285 டிசி. 6வி6 மூணாம் பின் (பிளேட்) 268, நாலாம் பின் (ஸ்கிரீன்) 277, அஞ்சாம் பின் (கிரிட்) 0, எட்டாம் பின் (கேதோடு) 4.2. பவர் டிரான்ஸ்ஃபார்மரோட எச்டி (உயர் வோல்ட்) வைண்டிங் லோடு இல்லாம 335-0-335. புது டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரி மீட்டர்ல 205 ஓம்.

புரியாத விஷயம் இதுதான். கேதோடு ரெசிஸ்டர் 470 ஓம். அதுல 4.2 வோல்ட்னா 9 மில்லி ஆம்பியர் கூட ஓடல. அவ்வளவு கொஞ்ச கரண்ட்ல வால்வு எப்படிச் சிவக்கும்? பவர் டிரான்ஸ்ஃபார்மர் போயிட்டுதோ?


மைக்செட்:

தம்பி, வால்யூமைக் குறைச்சாலும் ஹம் நிக்கலன்னா ஃபில்டர் பத்தலன்னு அர்த்தம். முதல் கண்டன்சரை 100 எம்எஃப்டி ஆக்கிப் பாருங்க. எர்த் பின்னைக் கழட்டிவிட்டும் ஒருக்கா பாருங்க. கோயில் கொடைக்கு ஜெனரேட்டர்ல ஓடும்போது ஹம் வந்தா முதல்ல எர்த்தைத்தான் கழட்டுவாங்க, பாதி குறைஞ்சிரும்.


பாளை வால்வு:

தம்பி, பவர் டிரான்ஸ்ஃபார்மர்ல கை வைக்காதீங்க. நீங்க குடுத்த அளவுலயே விடை இருக்கு.

பிளேட் கரண்டை அளக்க உங்களுக்கு ரெண்டு வழி உண்டு. ஒண்ணு கேதோடு ரெசிஸ்டர். இன்னொண்ணு டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரி. பிரைமரியோட ஒரு முனை 285, மறு முனை 268, நடுவுல 17 வோல்ட் விழுது. 205 ஓம்ல 17 வோல்ட் விழணும்னா 83 மில்லி ஆம்பியர் ஓடணும். பிளேட் வழியா 83 ஓடும்போது கேதோடு வழியா 9 ஓட முடியாது. அப்ப அந்த ரெசிஸ்டர் 470 இல்லை. 47 ஓம்னு வச்சுப் பாருங்க: 4.2 வகுத்தல் 47, 89 மில்லி ஆம்பியர். பிளேட்டுக்கு 83, ஸ்கிரீனுக்கு 6. கணக்கு நேரா உட்காருது.

இந்த சர்க்யூட்ல 470 ஓம் ஒண்ணு, 47 ஓம் ஒண்ணு, ரெண்டுமே இருக்கு. 470 இருக்க வேண்டிய இடம் 6வி6 கேதோடு. 47 இருக்க வேண்டிய இடம் ரெண்டாவது ஸ்டேஜ் கேதோடோட 1.5 கே-க்குக் கீழ, ஃபீட்பேக் 2.7 கே வந்து சேருற முனையில. மஞ்சள்-ஊதா-பழுப்பு 470, மஞ்சள்-ஊதா-கருப்பு 47. நீலப் பூச்சு உள்ள மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்ல பழுப்பும் கருப்பும் டியூப் லைட் வெளிச்சத்துல ஒண்ணுபோலத்தான் தெரியும், அதுலயும் அஞ்சு கோடு உள்ளதுன்னா இன்னும் மோசம். ரெண்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்குன்னு நினைக்கேன். பவரை எடுத்து, கண்டன்சரை வடிச்சு, ஒரு காலைத் தூக்கி மீட்டர்ல பாருங்க.

இடம் மாறியிருந்தா உங்க மூணு தொல்லைக்கும் காரணம் அதுலயே வந்துரும்.

சிவப்பு: பிளேட்டுக்கும் கேதோடுக்கும் நடுவுல 264 வோல்ட், 83 மில்லி ஆம்பியர், பெருக்கினா 22 வாட். 6வி6-க்குப் போட்டிருக்க அளவு 12 வாட். எந்த வால்வைப் போட்டாலும் சிவக்கும். எச்டி 285-க்கு இறங்கினதும் இதனாலதான், ஸ்டெப் டவுன் மேல குத்தம் இல்லை.

ஹம்: கரண்ட் ரெண்டு மடங்கு இழுத்தா ஃபில்டர்ல ரிப்பிளும் (டிசி மேல மிச்சம் நிக்கிற அலை) ரெண்டு மடங்கு. புஷ்-புல் ஆம்ப்ல ரெண்டு வால்வும் எதிரெதிரா இழுக்கதால ரிப்பிள் டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயே அடங்கிரும். சாம்ப்ல பவர் வால்வு ஒண்ணே ஒண்ணு. வர்ற ரிப்பிள் அப்படியே ஸ்பீக்கருக்குப் போகும்.

ஊளை: வால்யூம் திருகினாலும் மாறலன்னு எழுதினீங்க பாருங்க, ரொம்ப உபயோகமான தகவல். ஃபீட்பேக் ஸ்பீக்கர்ல இருந்து கிளம்பி ரெண்டாவது ஸ்டேஜ் கேதோடுக்கு வருது. வால்யூம் அந்த ஸ்டேஜுக்கு முன்னாடி, ஃபீட்பேக் வளையத்துக்கு வெளியில இருக்கு. அதனால ஊளை அந்த வளையத்துக்குள்ளதான். 47 இருக்க இடத்துல 470 இருந்தா, திரும்பி வர்ற சிக்னல் 1.7 சதவீதத்துக்குப் பதிலா 15 சதவீதம். புது டிரான்ஸ்ஃபார்மரோட செகண்டரி முனை தலைகீழா இருந்தா அது அப்படியே ஆசிலேட்டர். வால்யூமோட சேர்ந்து கூடிக் குறையுற ஊளையா இருந்தா நான் வேற இடத்துல தேடச் சொல்லியிருப்பேன்: கிரிட் வயரும் பிளேட் வயரும் பக்கத்துல போகுதா, இன்புட் ஜாக் எர்த் ஆகுதா, அப்படி.

மைக்செட் அண்ணாச்சி சொன்ன ரெண்டையும் தயவுசெஞ்சு செய்யாதீங்க. மரியாதைக் குறைவா சொல்லல, ஆள் உயிர் விஷயம். கிதார் கம்பி, ஜாக் வழியா சேசிஸோட, அதாவது ஆம்போட உலோகத் தட்டோட, சேர்ந்தது. வாசிக்கிறவர் கை எப்பவும் சேசிஸ்ல இருக்குன்னு வச்சிக்கிடுங்க, உதடு மைக்குல இருக்கும். ஸ்டெப் டவுன் பெட்டி பெரும்பாலும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், அது லைனைப் பிரிக்காது. ஃபேஸும் நியூட்ரலும் மாறி மாட்டினா 110 பக்கத்து ரெண்டு வயரும் எர்த்துக்கு 230-லயும் 120-லயும் நிக்கும். பவர் டிரான்ஸ்ஃபார்மர்ல இன்சுலேஷன் கசிஞ்சா அது நேரா கம்பிக்கு வரும். எர்த் பின் கட்டாயம் சேசிஸ்ல தனி போல்ட்டுல இருக்கணும். ஸ்டெப் டவுன் பெட்டியோட அவுட்புட் சாக்கெட்டுலயும் எர்த் தொடர்ந்து வருதான்னு மீட்டர் வச்சுப் பாருங்க, பல பெட்டியில ரெண்டு துளைதான் இருக்கும். லைன்ல இருந்து சேசிஸுக்கு ஒரு 600 வோல்ட் கண்டன்சர் இருந்தா அதையும் வெட்டி எடுத்துருங்க. மூணு பின் போட்ட பிறகு அதுக்கு வேலை இல்லை, ஷார்ட் ஆனா ஆபத்து மட்டும்தான்.

100 எம்எஃப்டி-யும் வேண்டாம். 5ஒய்3 வால்வு ரெக்டிஃபையர். முதல் கண்டன்சர் பெருசாக ஆக, ஒவ்வொரு சைக்கிள்லயும் அது இழுக்கிற உச்சக் கரண்ட் கூடும், வால்வு சீக்கிரம் போகும். ஃபெண்டர் அங்க 20 வச்சது அதுக்குத்தான். 47-ஐயே எடுத்துட்டு 22 போடுங்கன்னு சொல்லுவேன்.

450 வோல்ட்டும் பத்தாது. ஓடும்போது 350 காட்டும், சரிதான். ஆனா 5ஒய்3 போட்ட உடனே சூடாகிரும், 6வி6 சூடாகப் பத்து பதினைஞ்சு செகண்ட் ஆகும். அதுவரைக்கும் இழுக்க ஆள் இல்லை. 335 ஏசி-யோட உச்சம் 474. ஒவ்வொரு தடவை போடும்போதும் கண்டன்சர் அதை நோக்கிப் போகுது. 6வி6-ஐப் பிடுங்கிட்டுப் போட்டா அங்கேயே நிக்கும். 500 வோல்ட் சரக்கு நம்ம பக்கம் கடையில கிடைக்கலன்னா ரெண்டு 47 எம்எஃப்டி 450 வோல்ட்டை சீரீஸ்ல போட்டு, ஒவ்வொண்ணுக்கும் குறுக்கே 220 கே 1 வாட் ரெசிஸ்டர். 23 எம்எஃப்டி, 900 வோல்ட் ஆகிரும். வடிகிற ரெசிஸ்டரும் அதுவே. மத்த ரெண்டு இடத்துக்கும் இதே ஜோடியைப் போட்டுருங்க.

வடிக்கிற முறை: பிளக்கைப் பிடுங்கி, 10 கே 5 வாட் ரெசிஸ்டரோட ஒரு காலை முதலைக் கிளிப்ல சேசிஸுக்குக் குடுத்து, மறு காலை இன்சுலேஷன் பிடியோட ஃபில்டர் பாசிட்டிவ்ல பத்து செகண்ட் வைங்க. மீட்டர்ல 5 வோல்ட்டுக்குக் கீழ பாத்துட்டுத்தான் கை உள்ள போகணும். ஸ்க்ரூ டிரைவரை வச்சு ஷார்ட் அடிக்காதீங்க.

மறுபடி போடும்போது 230 பக்கம் சீரீஸ் போர்டு (லைன்ல ஒரு பல்பைத் தொடரா மாட்டினது) வழியா போடுங்க. 60 வாட் குண்டு பல்பு, எல்இடி ஆகாது. போட்டதும் பளிச்சுன்னு எரிஞ்சு மங்கணும். மங்காம எரிஞ்சா உடனே நிப்பாட்டுங்க.


மைக்செட்:

எர்த் விஷயம் சரிதான் அண்ணாச்சி, ஹாரன் ஆம்ப்ளிஃபையருக்கும் கிதாருக்கும் உள்ள வித்தியாசம் அது. தம்பிக்கு ஒண்ணு மட்டும். கூத்தங்குழி, திசையன்விளைப் பக்கம் தேரி மணல் (செம்மணல் மேடு). கோடையில எர்த் குழி காஞ்சு கிடக்கும், பின் இருந்தும் எர்த் இருக்காது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல ஒரு 60 வாட் குண்டு பல்பு போட்டுப் பாருங்க. நியூட்ரல்ல எரியுற அதே வெளிச்சம் வரணும். மங்கலா எரிஞ்சா குழியில கரியும் உப்பும் அடுக்கி, வாரம் ஒருக்கா தண்ணி ஊத்தணும். வீட்டுல இஎல்சிபி (கரண்ட் கசிஞ்சா லைனை வெட்டுற சுவிட்ச்) இருந்தா இந்தச் சோதனையில அது விழும், விழுந்தா எர்த் ஓரளவு இருக்குன்னு அர்த்தம்.

கோயில் செட்டுல கிடக்க ஹாரனையோ 100 வோல்ட் லைன் ஸ்பீக்கரையோ சும்மா சோதனைக்குக் கூட இதுல மாட்டாதீங்க. 4 ஓமுக்குப் பதிலா 16 ஓம் கட்டினா பிளேட்டுக்கு நாலு மடங்கு ஓம் தெரியும்.


கூத்தங்குழி கிதார்:

அண்ணாச்சி, அளந்து பாத்தாச்சு. கேதோடுல இருந்தது 47, ஃபீட்பேக்ல 470. ரெண்டையும் இடம் மாத்திட்டேன், 470-க்கு 2 வாட் போட்டேன். முதல் கண்டன்சருக்கு சீரீஸ் ஜோடி போட்டாச்சு. பல்பு மங்குது. இப்ப 5ஒய்3-ல 353, பிளேட் 345, கேதோடு 19.8. சிவப்பு இல்லை. ஊளை சுத்தமா நின்னுட்டு. ஹம் வெகுவா குறைஞ்சிட்டு, ஆனா கொஞ்சம் மிச்சம் இருக்கு. சத்தம் மட்டும் பிடிக்கல. நல்ல கனமா வருது, ஆனா கரகரன்னு இருக்கு, அடிக்கம்பி கலங்கலா வருது. ஸ்பீக்கர் கோன் போயிருக்குமோ?


பாளை வால்வு:

19.8 வகுத்தல் 470, 42 மில்லி ஆம்பியர். ஸ்கிரீனுக்கு ஒரு 3 போக 39. 325 வோல்ட்டால பெருக்கினா 12.7 வாட். சாம்ப் எப்பவும் இந்த விளிம்புலதான் ஓடும், விடுங்க.

ஊளை நின்னதால ஃபீட்பேக் ஃபேஸ் (லைன் ஃபேஸ் இல்லை, சிக்னல் திரும்பி வர்ற திசை) சரியாயிட்டுன்னு நினைச்சிராதீங்க. 47 போட்டதும் திரும்பி வர்ற சிக்னல் ஒன்பதுல ஒரு பங்கு ஆயிட்டு. வளையத்தோட கெயின் (பெருக்கம்) ஒண்ணுக்குக் கீழ வந்தா, ஃபீட்பேக் தலைகீழா இருந்தாலும் ஊளையிடாது. சத்தத்தைக் கூட்டி, கரகரப்பைக் கூட்டி, ஹம்மையும் கூட்டிக் குடுக்கும். நீங்க சொல்லுதது அதுபோலத்தான் இருக்கு.

சோதனை சுலபம். வால்யூமை 3-ல வச்சு ஏதாவது ஒரு நிலையான சத்தத்தைக் குடுங்க, ஃபோன்ல 440 ஹெர்ட்ஸ் டோன் போதும். ஒரு தடவை 2.7 கே இருக்கும்போது, ஒரு தடவை அதோட ஒரு காலைத் தூக்கி விட்டு, ஸ்பீக்கர் முனையில ஏசி வோல்ட் அளந்து பாருங்க. ரெண்டு அளவுக்கும் நடுவுல பவரை எடுத்து வடிச்சுட்டுத்தான் சால்டர் பண்ணணும். தூக்கினதும் வோல்ட் கூடினா ஃபேஸ் சரி. குறைஞ்சா தலைகீழ். குறைஞ்சா செகண்டரி ரெண்டு வயரையும் ஸ்பீக்கர் ஜாக்குல இடம் மாத்துங்க: எர்த்துல இருந்தது டிப்புக்கு, டிப்புல இருந்தது எர்த்துக்கு. பிரைமரியைத் தொட வேண்டாம். அங்க 350 வோல்ட், வயரும் நீளம் பத்தாது.


ஸ்டாம்பிங்:

அடிக்கம்பி கலங்குவதற்கு ஃபேஸ் மட்டும் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் ஸ்டாம்பிங்கை (கோரின் இரும்புத் தகடுகளை) எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

நம் வைண்டிங் கடைகளில் சுற்றுவது பெரும்பாலும் ஸ்டெபிலைசர், பவர் டிரான்ஸ்ஃபார்மர், ஹாரனுக்கான லைன் டிரான்ஸ்ஃபார்மர். இவை எதிலும் டிசி ஓடாது. அதனால் ஈ (E) வடிவத் துண்டையும் ஐ (I) வடிவத் துண்டையும் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிக் கோர்ப்பார்கள். கோர் முழுக்க இரும்பு, இடைவெளியே இல்லை. அந்த வேலைக்கு அதுதான் சரி.

சாம்பின் டிரான்ஸ்ஃபார்மரில் 39 மில்லி ஆம்பியர் டிசி எந்நேரமும் ஒரே திசையில் ஓடுகிறது. இடைவெளி இல்லாத கோர் அந்த டிசி-யிலேயே நிறைந்துவிடும். சிக்னலுக்கு இடம் மிஞ்சாது. பிரைமரி இண்டக்டன்ஸ் விழுந்துவிடும், முதலில் அடிபடுவது கீழ்ச்சுரம். கிதாரின் தாழ்ந்த ஈ 82 ஹெர்ட்ஸ். 5000 ஓம் லோடுக்கு அதுவரை ஒழுங்காக இறங்க, டிசி ஓடும் நிலையில் சுமார் 10 ஹென்றி வேண்டும்.

பார்க்கும் முறை: சேசிஸிலிருந்து கழற்றி ஓரத்தைப் பாருங்கள். மாற்றிக் கோர்த்திருந்தால் ஈ-ஐ சேரும் கோடு ஒரு தகடு விட்டு ஒரு தகடு இரு ஓரங்களிலும் தெரியும். சரியாகச் செய்திருந்தால் எல்லா ஈ-யும் ஒரே திசையில், எல்லா ஐ-யும் ஒரே கட்டாக ஒரு பக்கம், நடுவே ஒரு தாள் விளிம்பு தெரியும்.

மாற்றிக் கோர்த்திருந்தால் மறுபடி சுற்ற வேண்டியதில்லை. பாபினும் (கம்பி சுற்றிய கூடு) கம்பியும் அப்படியே இருக்கட்டும். வார்னிஷ் இறுகியிருந்தால் அடுப்பருகே வைத்து இளக்கிவிட்டு, முதல் தகட்டை மட்டும் மெல்லிய கத்தியால் நெம்பி இடுக்கியால் இழுங்கள். முதல் இரண்டு மூன்று தகடு வளையத்தான் செய்யும். அதன் பிறகு மற்றவை இலேசாக வந்துவிடும். வளைந்ததைத் திரும்பப் போடாதீர்கள். ஈ எல்லாவற்றையும் ஒரே பக்கமிருந்து செருகி, முகத்தில் 0.1 மில்லிமீட்டர் லெதராய்ட் (இன்சுலேஷன்) தாளை ஈ-யின் மூன்று கால்களுக்கும் சேர்த்து ஒரே துண்டாக வைத்து, ஐ கட்டை வைத்து, கிளாம்பை நன்றாக இறுக்குங்கள். காந்தப் பாதை தாளை இரண்டு முறை கடக்கும், ஆக மொத்த இடைவெளி 0.2. தாள் தடித்தால் இண்டக்டன்ஸ் குறையும். சிறிய கோருக்கு இதற்கு மேல் போகாதீர்கள். இறுக்கம் போதாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரே பாடும்.

அப்படியே சுற்று விகிதத்தையும் சரிபாருங்கள். ஆம்பிலிருந்து நான்கு முனையும் பிரிந்த நிலையில் பிரைமரிக்கு ஒரு 12 வோல்ட் ஏசி டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கொடுத்தால் செகண்டரியில் 0.34 வோல்ட் வர வேண்டும். அதுதான் 5000-க்கு 4. 0.48 வந்தால் 8 ஓமுக்குச் சுற்றியிருக்கிறார்கள். செகண்டரிக்கு 12 வோல்ட் கொடுத்து பிரைமரியை அளக்க முயல வேண்டாம், 400 வோல்ட்டுக்கு மேல் கிளம்பும்.

கடையில் இனி கேட்கும்போது "சிங்கிள் எண்டட், 40 மில்லி ஆம்பியர் டிசி ஓடும், ஸ்டாம்பிங் மாற்றிக் கோர்க்காமல் கேப் விட்டுப் போடுங்கள்" என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். ஓம் கணக்கை மட்டும் சொன்னால் கைப்பழக்கத்தில் மாற்றித்தான் கோர்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.


கூத்தங்குழி கிதார்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. 2.7 கே-யைத் தூக்கினதும் வோல்ட் குறைஞ்சுது, தலைகீழ்தான். செகண்டரி வயரை மாத்தினதும் கரகரப்பு போயிட்டு. ஸ்டாம்பிங்கும் மாத்திக் கோர்த்துத்தான் இருந்தது, 0.1 தாள் வச்சு அடுக்கினேன். அடிக்கம்பி இப்ப தெளிவா நிக்குது. விகிதச் சோதனையில 0.35 வோல்ட் வந்தது.

மிச்சம் ஒண்ணுதான்: வால்யூம் சைபர்ல, ராத்திரி அமைதியா இருக்கும்போது கேக்குத ஹம்.


பாளை வால்வு:

முதல்ல அது 50-ஆ 100-ஆன்னு பிரிச்சுக்கிடுங்க. நம்ம லைன் 50 ஹெர்ட்ஸ், ரெக்டிஃபையர் தாண்டினது 100. ஆறாவது கம்பியோட மூணாவது ஃப்ரெட் ஜி, அது 98 ஹெர்ட்ஸ். அதைவிட ஒரு இழை மேல நின்னா 100, அப்ப ஃபில்டர் இல்லைன்னா எர்த் பாதை. அதுக்கு ஒரு ஸ்தாயி கீழ நின்னா 50, வால்வைச் சூடாக்குற ஹீட்டர் லைன்ல இருந்து வருது.

100-ஆ இருந்தா மூணு கண்டன்சரோட நெகட்டிவ் எங்க போகுதுன்னு பாருங்க. பழைய டப்பாவுல மூணுக்கும் ஒரே உடம்பு. தனித்தனியா போடும்போது முதல் கண்டன்சர் நெகட்டிவ் எச்டி சென்டர் டேப் (வைண்டிங்கோட நடு முனை) இருக்க போல்ட்டுக்கே வரணும். கடைசி கண்டன்சர், அதாவது 12ஏஎக்ஸ்7-க்குப் போறது, இன்புட் ஜாக் பக்கத்து எர்த்துக்குப் போகணும். முதல் கண்டன்சர் சார்ஜ் கரண்ட் இன்புட் பக்கத்து எர்த் வயர் வழியா ஓடினா எவ்வளவு எம்எஃப்டி போட்டாலும் ஹம் போகாது. சேசிஸ்ல 25 வாட் அயர்னால ஈயம் ஒட்டவைக்கப் பாக்காதீங்க, சூடு பத்தாது. பெயிண்டும் துருவும் போகச் சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு, போல்ட்டுல டேக் வைங்க. கடற்கரை உப்புக் காத்துக்கு வால்வு சாக்கெட் பின்னும் இன்புட் ஜாக்கோட சுவிட்ச் கான்டாக்ட்டும் பச்சை பிடிச்சிருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடிச்சு வால்வை நாலஞ்சு தடவை ஏத்தி இறக்குங்க.

50-ஆ இருந்தா ஹீட்டர் வயரை நல்லா முறுக்கி மூலையோட ஒட்டி ஓட்டுங்க. பிறகு ஹீட்டரோட ரெண்டு லைன்ல இருந்தும் தலா 100 ஓம் அரை வாட் எடுத்து, ரெண்டும் சேருற முனையை எர்த்துக்குக் குடுக்காம 6வி6 எட்டாம் பின்னுக்குக் குடுங்க. அங்க ஏற்கெனவே 20 வோல்ட் டிசி நிக்கு. ஹீட்டர் கேதோடைவிட 20 வோல்ட் மேல நின்னா, ஹீட்டர்ல இருந்து 12ஏஎக்ஸ்7 கேதோடுக்குக் கசியுறது அடங்கும். இதைச் செய்யுமுன்ன ஹீட்டர்ல வேற எங்கயும் எர்த் இருக்கக் கூடாது. பைலட் பல்பு ஹோல்டரோட ஒரு காது சேசிஸ்ல பத்த வச்சிருக்கும், ஹீட்டர் சென்டர் டேப் வயரும் இருக்கலாம். அதை விட்டுட்டா கேதோடுல நிக்கிற வோல்ட் (பயாஸ்) அந்த 100 ஓம் வழியா எர்த்துக்கு இறங்கி, வால்வு மறுபடியும் சிவக்கும். மாட்டின உடனே எட்டாம் பின்ல 19, 20 வோல்ட் நிக்குதான்னு பாத்துக்கிடுங்க.

உங்க லைன் ராத்திரி 245 போகும்னா ஸ்டெப் டவுன் 117 குடுக்கும். இந்த டிரான்ஸ்ஃபார்மர் 60 ஹெர்ட்ஸுக்குன்னே சுத்தினதா இருந்தா 50-ல அதே வோல்ட்டுக்குக் கோர் இருபது சதவீதம் கூட நிறையும், சூடாகும். 105-ல இருந்து 110-க்குள்ள வச்சா நல்லது. 110-ல ஹீட்டருக்கு 5.9 வோல்ட் கிடைக்கும், வால்வுக்கு அது போதும்.